மணவாளனின் இரண்டு நிமிஷம்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது.

மணவாளன் என்று ஒருத்தன். நாலு தொழில் தெரிந்த கெட்டிக்காரன். சினிமா எடுப்பான். எடுத்ததை வெட்டி ஒட்டுவான். பேப்பருக்குப் போட்டோ பிடிப்பான். கம்ப்யூட்டரில் எழுத்தை ஓட விட்டு, ஆட விட்டு வேடிக்கை காட்டுவான். வயசு நாற்பத்தெட்டு.

ஒருநாள் காலை, சாலிகிராமத்தில் செசிலி வீட்டு மாடியேறிப் போய் நின்றான். செசிலி எடிட்டர். ஒரு காலத்தில் இவனிடம் உதவிக்கு இருந்தவள். இப்போது பெரிய பெரிய ஆள்களெல்லாம் அவள் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்.

"என்னால வெட்ட முடியலை, செசிலி."

"உங்களாலயா? என் முதல் படத்துல பத்து நிமிஷத்தை ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வெட்டித் தள்ளினீங்களே சார்."

"அது உன் படம்."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். ஒரு சினிமாக் கல்லூரியில் வாத்தியார் வேலை. நாலு தொழிலையும் சொல்லிக்கொடுக்க ஒரே ஆள் வேண்டுமாம். ஊர் ஊராய் ஓடிக் களைத்தவனுக்கு இதை விட்டால் வேறு நிழல் இல்லை. செய்த வேலையையெல்லாம் இரண்டே நிமிஷமாக்கி அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இவன் கையில் இருந்தது பதினொரு நிமிஷம்.

"போடுங்க, பார்ப்போம்."

போட்டான்.

சாம்பல் நிறத்தில் கடல். ஈர மணலில் ஒரு அம்மா, தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் விரித்துக் கதறுகிறாள். பரிசு வாங்கிய போட்டோ அது. பின்னால் வயலின். கடல் மெல்ல அசைகிறது. அலை ஒன்று எழும்புகிறது. அந்த அலைக்குள்ளிருந்து எழுத்து எழுத்தாய் எழுந்து வருகிறது: மணவாளன்.

"எழுத்துல தண்ணி சொட்டுது," என்றாள் செசிலி.

"மூணு நாள் வேலை." குரலில் கொஞ்சம் பெருமை.

"அந்த அம்மா யாரு?"

"நாலு வருஷம் ஆச்சு. புயலுக்கு மறுநாள், மரக்காணம் தாண்டி ஒரு குப்பம். பையனைக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. அந்த நேரம் பார்த்து நான் இருந்தேன்."

"பேரு?"

"தெரியாது. பரிசுக்கு அனுப்பறப்போ 'தாய்'னு போட்டேன்."

செசிலி கையை நீட்டினாள்.

"வெட்டாததைக் கொடுங்க."

அன்றைக்கு இவன் ஒரு கேமராவில் போட்டோ பிடிக்க, இன்னொன்று ஸ்டாண்டில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதெல்லாம் பைக்குள் டிஸ்க்கில் இருந்தது. எடுத்துக் கொடுத்தான்.

அவள் ஒரு துண்டைத் திரைமேல் போட்டு மூடினாள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் காதால் கேட்பது அவள் வழக்கம். அதைச் சொல்லிக்கொடுத்ததே மணவாளன்தான்.

காற்று. அலை.

பிறகு, "ஏ ராசா..." என்று ஒரு குரல்.

கன்றைப் பறிகொடுத்த பசு ஒரு சத்தம் போடுமே, அதுவும் இல்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேமரா நாலைந்து தடவை கிளிக் கிளிக் என்றது.

அதற்கப்புறம், மைக்குக்குப் பக்கத்திலேயே, நிதானமாய், மரியாதையாய் ஒரு ஆண்குரல்:

"அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. வெளிச்சம் முகத்துல விழலை. இன்னொரு வாட்டிம்மா."

அலை மட்டும்.

"ஏ ராசா..."

அதே சொல். அதே இழுப்பு. கிளிக்.

அது மணவாளனின் குரல். சினிமா செட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லுகிற வார்த்தை, வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. மறந்தே போச்சு என்று சொல்ல வாயெடுத்தான். மறக்கவில்லை. அந்தச் சத்தத்தை எடுத்துப் போட்டுவிட்டு வயலினை வைத்தவனே அவன்தான்.

"இந்தக் கடற்கரைக் காட்சியை எடுத்துடு, செசிலி. முழுசா எடுத்துடு. மிச்சத்தை ரெண்டு நிமிஷம் ஆக்கிடு."

"எடுத்துட்டா?"

"யாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டான். சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

செசிலி டிஸ்க்கைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"வெட்டலாமான்னு கேட்டுட்டு வாங்க சார்."

"யாரை?"

அவள் துண்டை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மணி பன்னண்டு ஆகப்போகுது. அந்தக் குப்பத்துக்குப் போக வர ஆறு மணி நேரம். அஞ்சு மணிக்கு அனுப்பணுமே."

"ஆமா சார்," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க. வழியில ஒண்ணும் கிடைக்காது."

அவன் சாப்பிடவில்லை. பஸ் ஏறினான்.

குப்பத்துக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டான்.

"புயல்ல பையனைப் பறிகொடுத்த அம்மா வீடு..."

"எந்த அம்மா? அப்படி நாலு பேர் இருக்காங்களே."

வேறு வழியில்லை. போனில் அந்தப் போட்டோவைக் காட்டினான். காட்டும்போது கை கூசியது.

"இது தேசம்மா. அதோ, கருவாடு காயப் போட்டிருக்கா பாரு."

தன்னை அவளுக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனான். தேசம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளிச்சம் விழலைன்னு சொன்ன ஆளுதானே நீ?"

காலில் விழுந்துவிடலாம் என்று தோன்றியது. விழுந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று மனசு அப்போதும் கேமராவில் பார்ப்பதுபோல் ஒரு ஃபிரேம் வைத்துப் பார்த்தது. சீ என்று நின்றுவிட்டான்.

"ஆமாம்மா."

"வெயில்ல நிக்காத. இப்படி வந்து உக்காரு."

ஓலை நிழலில் உட்கார்ந்தான். அவள் கருவாட்டை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் போட்டாள். மணி நாலாகி, ஐந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவன் பையைத் திறக்கவில்லை. டிஸ்க் உள்ளேயே கிடந்தது.

"அன்னிக்கு நான் ரெண்டு வாட்டி அழுதேன்," என்றாள். "மொத வாட்டி என் புள்ளைக்கு. ரெண்டாவது வாட்டி, பெரிய மனுசன் கேக்கறியேன்னு, உனக்கு. அப்பால பேப்பர்ல வந்துச்சுன்னு கொண்டாந்து காட்டினாங்க. பாத்தேன். எது எதுன்னு எனக்கே தெரியல. யாரைக் கேக்கறது?"

கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"அதுல இருக்கறது எது தம்பி? நீ சொல்லு."

முதலாவது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் மனசு ஆறும். எதையும் வெட்டி, ஒட்டி, மினுக்கத் தெரிந்தவன் அவன்.

அந்தக் கெட்டிக்காரன் மணலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவதும்மா," என்றான்.