பேசிவிட்டு அழித்தவர்கள்

"பேசறாங்க. பேசினதை ஒருக்காக் கேக்கறாங்க. அப்புறம் அழிச்சுட்டுப் போயிடறாங்க," என்றான் குழந்தைவேலு. "ஏனுங்க இப்படி?"

பர்வீன் அவனுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

சிஷ்யன் குழந்தைவேலுவுக்கு வயது நாற்பத்தாறு. குரு பர்வீனுக்கு முப்பத்தொன்று. மென்பொருள் தொழிலில் இது சகஜம். அங்கே நரைக்கு மரியாதை உண்டு. வழி கேட்பது என்னவோ சின்னவர்களிடம்தான்.

பர்வீன் ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் வேலை பார்த்தவள். அந்தத் தளத்தில் ஓடுகிற ஆப்களைச் செய்யும் வெளியாட்கள் குறை சொல்லி வந்தால், கேட்டுப் பதில் சொல்வது அவள் வேலை. ஒருநாள் போதுமென்று விட்டுவிட்டு வந்தாள். இப்போது போத்தனூரில் ஒரு பேக்கரிக்கு மேலே குடியிருக்கிறாள். ஆப் செய்கிறவர்கள் திக்குத் தெரியாமல் நின்றால் அந்த மாடிப்படி ஏறுவார்கள். சிலர் தெளிந்து இறங்குவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு இறங்குவார்கள்.

குழந்தைவேலுவின் ஆப்புக்கு 'காதோடு' என்று பெயர். திரையை விரலால் அழுத்திக்கொண்டு வேண்டியவருக்குப் பேச வேண்டும். விரலை எடுத்தால் பேசியதை ஒருமுறை கேட்கலாம், கீழே இரண்டு பட்டன்கள் வரும். வலப்பக்கம் 'அனுப்பு'. இடப்பக்கம் 'அழி'. அவ்வளவுதான் காதோடு.

"நூறு பேர் பேசினா அறுவது பேர் அனுப்பறதில்லைங்க," என்றான்.

"அனுப்பாட்டி என்னங்கண்ணா?"

வயதில் மூத்தவன் என்பதால் அண்ணா. அதற்காக விட்டுக்கொடுப்பாள் என்று அர்த்தமில்லை.

"என்னவா! நீங்க வேலை பாத்த வலைத்தளத்துக்காரங்க கறாராச் சொல்லிட்டாங்க. பாதியில விட்டுட்டுப் போறவங்க குறையலீன்னா, இந்த வாரத்தோட முதல் பக்கத்துல இருந்து தூக்கிடுவாங்களாம். தூக்கிட்டா நம்மளை எவன் தேடி வருவான்? கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"என்ன பண்ணப் போறீங்க?"

குழந்தைவேலுவின் முகம் மலர்ந்தது. அதைக் காட்டத்தான் வந்திருந்தான். கேள்வி கேட்கிற சாக்கில் பாராட்டு வாங்க வருகிறவர்கள் எல்லாக் குருவுக்கும் வாய்ப்பார்கள்.

போனைத் திறந்து மேசைமேல் வைத்தான்.

"புது வெர்ஷன். ரெண்டு பட்டனையும் எடுத்துட்டேன். விரலை எடுத்தாப் போதும், தானாப் போயிடும். யோசிக்க நேரம் குடுத்தாத்தானே மனசு மாறும்? இன்னைக்குச் சாயங்காலம் எல்லார் போனுக்கும் விடறோம். ஆபீசுல ஓவியா ரெடியா உக்காந்திருக்கா."

பர்வீன் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான் பாக்கறேன். நீங்க கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க. தேங்கா பன் இருந்தா அதும்."

நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது போன் மேசைமேல் இருந்தது.

"ஜெயசீலன் அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆப்பு முதல் பக்கத்துல வந்ததை?"

குழந்தைவேலு பன்னைப் பிய்க்காமல் கீழே வைத்தான்.

ஜெயசீலன் அவனோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவன். காதோடு என்று பெயர் வைத்தவனே அவன்தான். வேலை பாதி முடிந்திருந்தபோது அவன் அப்பா படுத்துவிட்டார். மாதம் தவறாத சம்பளம் வேண்டுமென்று ஹைதராபாத் போய்விட்டான். ஓடுகாலி என்று குழந்தைவேலு ஆபீசில் எல்லார் முன்னாலும் சொன்னான். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அப்பாவும் தவறிவிட்டார். சாவுக்கு இவன் போகவில்லை.

"அவன் பேச்சு எதுக்குங்க?"

"நல்ல சேதிதானே. சொல்லுங்க. புது வெர்ஷனையும் பாத்தாப்ல ஆச்சு."

குழந்தைவேலு போனை எடுத்தான். நாலு வார்த்தை மரியாதையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான்.

"ஜெயசீலா, வேலு பேசறேன். காதோடு முதல் பக்கத்துல வந்திருச்சு. சொல்லலாம்னுதான்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். விரல் அழுத்தியபடியே இருந்தது.

"நீ இருந்திருந்தா இன்னும் முன்னாடியே வந்திருக்கும். எங்க இருந்தே? தனியா உக்காந்து நான் சாகறேன், நீ ஏசி ரூமுல உக்காந்திருக்கே. அப்பாவுக்கு முடியலைன்னு ஒரு சாக்கு. அந்தச் சாக்குந்தான் இப்பப் போய்ச் சேந்துருச்சே. இனி என்ன சொல்லுவே? என்ற மூஞ்சியில முழிச்சுடாத."

விரலை எடுத்தான். மூச்சு வாங்கியது.

விரல் தானாகத் திரையின் இடப்பக்கம் போனது. அழுத்தியது.

அங்கே ஒன்றும் இல்லை.

மறுபடி அழுத்தினான். திரை நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கீழே 'அனுப்பப்படுகிறது' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை வைத்தவன் அவன்தான்.

"ஐயோ," என்றான். "போகுதுங்க. ஐயோ, போகுதுங்க."

திரையெங்கும் குத்தினான். டீ கவிழ்ந்து மேசையெல்லாம் ஓடியது.

"போகாதுங்கண்ணா," என்றாள் பர்வீன். "நீங்க கீழ போனப்ப ஃப்ளைட் மோடுல போட்டு வெச்சேன்."

குழந்தைவேலு நாற்காலியில் அப்படியே சாய்ந்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நெசமா நான் அப்படி நினைக்கறதில்லைங்க. அவங்கப்பா கையில சோறு வாங்கித் தின்னவன் நான்."

"தெரியுமுங்க."

பர்வீன் ஒரு துணியை எடுத்து வந்து மேசையைத் துடைத்தாள்.

"விரல் தேடாமயே 'அழி' இருந்த எடத்துக்குப் போச்சு. பழகின விரல்," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அடிக்கடி பேசுவேனுங்க. அவன்கிட்டத்தான். திட்டுவேன். சில நாள் மன்னிப்புக் கேப்பேன். ஒருக்காப் போட்டுக் கேப்பேன். அழிச்சுடுவேன். அதுக்கப்புறந்தான் வேற வேலை ஓடும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் தேய்ந்தது. லேப்டாப் திரையில், அனுப்பாதவர்களின் அந்த அறுபது இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெட்டைப் போட்டா இது போயிடுமா?" என்று பர்வீன் கேட்டாள்.

"போயிடுமுங்க. நெட் வந்ததும் தானாப் போற மாதிரிதான் எழுதியிருக்கேன். ஒண்ணுகூடத் தவறக்கூடாதுன்னு."

"தடுக்க வழி?"

அவன் எழுதியதில் அவனுக்கே வழி தெரியவில்லை.

"ஆப்பையே போன்ல இருந்து தூக்கினாத்தான் உண்டு."

"அப்பத் தூக்குங்க."

காதோடு சின்னத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினான். நிஜமாகவே நீக்கவா என்று போன் கேட்டது. ஆமென்றான். பெற்ற பிள்ளையை வெளியே தள்ளிக் கதவடைத்தது போலிருந்தது.

"உங்க கணக்குல இது எப்படி வரும்?"

"விட்டுட்டுப் போனவங்க ஒருத்தர் கூடுதல்னு வருமுங்க."

"ஏன் போனாங்கன்னு?"

"அது வராதுங்க."

ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு நெட்டைப் போட்டான். எதுவும் போகவில்லை.

"தப்பிச்சேங்க."

"தப்பிச்சீங்க," என்றாள் பர்வீன். "சாயங்காலம் அவங்கவங்க வீட்டுல நெட்டை யாருங்கண்ணா ஆஃப் பண்ணி வெப்பாங்க?"

குழந்தைவேலுவின் போன் அடித்தது. ஓவியா.

"சார், எல்லாம் ரெடிங் சார். இப்பவே விட்டுடட்டுங்களா?"

அவன் பர்வீனைப் பார்த்தான். அவள் துணியைப் பிழியப் போய்விட்டாள்.

"ஓவியா."

"சொல்லுங்க சார்."

"நீ நம்ம ஆப்புல யாருக்காச்சும் பேசிட்டு, அனுப்பாம அழிச்சிருக்கியா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தான். ஆகவில்லை.

"சார்..." ஓவியா குரலைத் தாழ்த்தினாள். "அதெல்லாம் உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காது சாமி," என்றான் குழந்தைவேலு. "யாருக்கும் கேக்காது. நீ புது வெர்ஷனை விடாத."