எட்டுக் கிண்ண விளக்கெண்ணெய்

ரயில் காட்சியகத்தில் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர் முத்துப்பேச்சி அம்மையார். ஓட்டம் நின்று போன பழைய நீராவி எஞ்சின் ஒன்று அங்கே கன்னங்கரேலென்று நின்றது. கண்ட முதல் நாளே, "கருப்பசாமி, இங்கேயா வந்து நிக்கிறே!" என்று கையெடுத்துவிட்டார். கும்பிட்டதோடு விட்டாரா? தூசு துடைக்கையில், சக்கரங்களுக்கு மேலே மூடி போட்ட எட்டுப் பித்தளைக் கிண்ணங்களைப் பார்த்தார். திறந்தால், உள்ளே காய்ந்த நூல்திரி! அடடா, சாமிக்கு விளக்கிருந்தும் எண்ணெய் ஊற்ற நாதியில்லையே என்று நெஞ்சு பதறினார்.

அன்று முதல் செவ்வாய், வெள்ளி தவறாமல் எட்டுக் கிண்ணத்துக்கும் விளக்கெண்ணெய் விட்டார். நெருப்பு வைக்கக் கூடாதென்று காட்சியகத்தில் கண்டிப்பு, ஊற்றுவதோடு சரி. ஒண்டிக்கட்டை, கூலியோ அரை வயிற்றுக்கே காணாது. தொட்டுக்கொள்ள வெறும் உப்போடு கஞ்சி குடித்த நாளிலும் எண்ணெய் தப்பவில்லை.

"எரியாத விளக்குக்கு எதுக்கு ஆத்தா எண்ணெய்? உன் தலையிலாவது தேச்சுக்கோ" என்று சிரிப்பார் காவலாளி சேர்மக்கனி.

"ஊத்துறது என் பாடு. எரிய வைக்கிறது அவன் பாடு. உனக்கென்னய்யா வந்துச்சு?"

இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

காட்சியகத்தைப் புது மண்டபத்துக்கு மாற்றும் நாள் வந்தது. பொறியாளர் அருமைநாயகம் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எண்ணெயே காணாத அச்சு. இறுகிப் போயிருக்கும், உருளாது. வெட்டி இரும்புக்குப் போடுங்க" என்றார்.

வெட்டும் ஆட்கள் நெருங்கியதும் அம்மையார் தண்டவாளத்தில் விழுந்தார். "ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்கய்யா! என் சாமி நகரலேன்னா என்னையும் சேர்த்து வெட்டுங்க!"

அம்மையாரின் அழுகை தாளாமல், பொறியாளர் ஒரு டீசல் எஞ்சினைக் கோக்கச் சொன்னார். சங்கிலி விறைத்தது. துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம், ஆகா, சக்கரங்கள் உருண்டனவே! முனகல்கூட இல்லை!

பொறியாளர் ஓடிப்போய் ஒரு மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் தளும்பியது. "இந்தத் திரி வழியாத்தான் அச்சுக்கு எண்ணெய் இறங்கும். இதை யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"விளக்குன்னுல்ல நினைச்சேன்" என்று நாணினார் அம்மையார்.

பொறியாளர் கைத்தாங்கலாக அவரை எஞ்சினில் ஏற்றினார். சேர்மக்கனி விசில் ஊதிக்கொண்டு முன்னே ஓட, ஊரே பார்க்கப் புது மண்டபம் வரை பவனி போயிற்று. சாமியின் தேரை அடியார்கள் இழுப்பதுண்டு. தன் தேரில் அடியாரை ஏற்றிக்கொண்டு போனான் இந்தக் கருப்பன். இன்னதென்று அறியாமல் வார்த்ததையும் ஒரு சொட்டு சிந்தாமல் அவனை ஏற்றுக்கொள்ள வைத்த அந்தக் கைகளுக்கு நம் கும்பிடு.