சார்ஜிங் ஸ்டேஷனின் ஒரே வாடிக்கையாளர்

“மெஷின் சும்மா நிக்கக்கூடாதுங்க. சும்மா நின்னுச்சுன்னா…” என்று திறப்பு விழாவில் அங்கமுத்து ஐயா பேசியதுவரை சென்னியப்பனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மிச்சம் பட்டாசுச் சத்தத்தில் போய்விட்டது. ஐயா ஆயுசு முழுக்க மில் நடத்தியவர். அவர் பேச்சில் பாதியே நமக்கு அதிகம் என்று சென்னியப்பன் எடுத்துக்கொண்டார்.

ஊசிப்பாளையம் பைபாஸ் ரோட்டில், மனைவி தெய்வாத்தாளின் சீதன நிலத்தில், கரண்டு வண்டிகளுக்கென்று சார்ஜிங் ஸ்டேஷன் போட்டிருந்தார் சென்னியப்பன். கணக்குப் பார்க்க மச்சினன் நாச்சிமுத்து. காவலுக்கும் கல்லாவுக்கும் குட்டியப்பன். இடத்தைக் கொடுக்கும்போதே தெய்வாத்தாள் சொல்லிவிட்டாள்: ஆடிக்குள் ஸ்டேஷன் தன் செலவுக்காவது சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு எண்ணெய்ச் செக்கு வைப்பாள். செக்குக்காரனுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

பைபாஸில் வந்த வண்டிகள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன. ஒன்றும் திரும்பவில்லை.

மூன்று பேரும் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு யோசித்தார்கள்.

“ஐயா என்ன சொன்னாரு? மெஷின் சும்மா நிக்கக்கூடாதுன்னாரு. இப்ப அது என்ன பண்ணிட்டு இருக்குது?” என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து எழுந்துபோய் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். “சும்மாதான் மச்சா நிக்குது.”

“நான் வேணும்னாப் பேச்சுத்துணைக்கு உக்காந்துக்கட்டுங்களா?” என்றான் குட்டியப்பன்.

உட்கார்ந்தான். தனக்குப் பொண்ணு பார்க்கப் போய் ஒவ்வோர் ஊரிலும் என்னென்ன பலகாரம் கிடைத்தது என்று பொழுது சாயும்வரை மெஷினிடம் சொன்னான். மெஷின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கல்லாவில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

“வண்டி இல்லாம மெஷின் எப்புடி ஓடும்?” என்றான் நாச்சிமுத்து. “வராத வண்டிய எதுக்குங்க மச்சா எதிர்பாத்துட்டு இருக்கோணும்? நாமளே ஒண்ணு வாங்கிட்டா அது வராம எங்க போகும்?”

சென்னியப்பன் தன் புல்லட்டை விற்றுப் பச்சையாக ஒரு கரண்டு ஆட்டோ வாங்கினார். சார்ஜ் போட்டார். சட்டைப்பையில் இருந்து பணம் எடுத்துக் குட்டியப்பனிடம் கொடுத்தார். “ரொம்ப சந்தோசமுங்க, மறுக்காவும் வாங்க” என்று அவன் கும்பிட்டான். வெளியே போன சென்னியப்பன் இன்னொரு வாசல் வழியாக முதலாளியாக உள்ளே வந்து கல்லாவைத் திறந்து பார்த்தார். வியாபாரம் ஆகியிருந்தது.

ஆனால் ஆட்டோவுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மெஷின் மறுபடியும் சும்மா நின்றது. ஆட்டோவைக் காலி செய்தால்தான் அடுத்த வியாபாரம். ஆகவே சென்னியப்பன் மறுநாள் காலையிலிருந்து ஊரைச் சுற்றி ஓட்டத் தொடங்கினார்.

சந்தைக்குப் போகக் கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற இரண்டு பெண்கள் கை காட்டினார்கள்.

“ஏத்த முடியாதுங்கக்கா. வேலையாப் போயிட்டு இருக்கறன்.”

“காலி வண்டிய ஓட்டறதுல என்னங்க வேல?”

“அதுதானுங்க வேலையே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அதுபற்றி விவாதம் நடந்தது. பாரம் ஏறினால் சார்ஜ் சீக்கிரம் இறங்குமே, அந்தப் பொம்பளைகளை ஏற்றியிருக்கலாமே என்றான் குட்டியப்பன்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். “ஆளுக சந்தை வந்தா எறங்கிருவாங்க. அப்பறம் பாரத்துக்கு எங்க போறது? கல்லு எறங்காது.”

மறுநாளிலிருந்து ஆட்டோவின் பின்சீட்டில் கருங்கல் ஊர்வலம் போயிற்று. சார்ஜ் மளமளவென்று இறங்கியது. மெஷினுக்கு ஓய்வே இல்லை.

ஒருநாள் நிஜமாகவே ஒரு கார் வந்தது. உள்ளே கோயிலுக்குப் போகிற குடும்பம். சார்ஜ் தீரப்போகிற நிலைமை. மெஷினில் ஆட்டோ செருகியிருந்தது.

“அந்த ஆட்டோவைக் கொஞ்ச நேரம் எடுக்கச் சொல்லுங்களேன்” என்றார் கார்க்காரர்.

குட்டியப்பன் குரலைத் தாழ்த்தினான். “அவரு டெய்லி கஸ்டமருங்க. இன்னிக்கு வந்த உங்களுக்காக அவரப் பகைச்சுக்க முடியுங்களா?”

கார் உருண்டபடி பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்குப் போயிற்று. குட்டியப்பனின் விசுவாசத்தை மெச்சி, கஸ்டமர் என்ற முறையில் சென்னியப்பன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனி முடியும்போது கரண்டு பில் வந்தது. கல்லா முழுவதையும் கொட்டிக் கட்டியும் துண்டு விழுந்தது. தெய்வாத்தாள் வந்து இடத்தைக் காலால் அளந்து, செக்கு எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று செக்குக்காரனிடம் பேசிவிட்டுப் போனாள்.

“மெஷின் ராப்பகலா ஓடுது, அப்பறம் எங்க மாப்ள ஓட்டை?” சென்னியப்பனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“ரேட்டு கம்மி மச்சா. ஏத்தோணும்.”

“ஏத்துனா கஸ்டமரு வருவாரா?”

“இத்தன நாளா ஒருநாள்கூடத் தவறாம வர்றவரு. நல்ல மனுசன். சொன்னாப் புரிஞ்சுக்குவாரு.”

அதில் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் முகதாட்சண்யம் பார்க்க முடியாது. ஒரே அடியாக ஏற்றிப் பலகையில் எழுதச் சொன்னார்.

மறுநாள் காலை கல்லோடு வந்த சென்னியப்பன் பலகையைப் படித்துவிட்டு ஆட்டோவை விட்டு இறங்கினார்.

“ஏப்பா குட்டியப்பா, என்ன இது? கொஞ்சமாச்சும் நாயம் வேண்டாமா?”

“நான் என்னங்க பண்ணட்டும். முதலாளி நேத்து ஏத்திப்போட்டாரு.”

“தினமும் வர்ற ஆளுக்குக்கூடவா கொறைக்க மாட்டாரு?”

“கேட்டுப் பாக்கறனுங்க. ஆனா அவருக்கும் வேற வழியில்லீங்க. ஆடிக்குள்ள காசு பாக்கலீன்னா வீட்டுல செக்கு வெச்சிருவாங்க.”

சென்னியப்பன் நெடுநேரம் பலகையையே பார்த்தார். முதலாளியின் கஷ்டம் அவருக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆள் சொன்ன விலையிலிருந்து இறங்கமாட்டார் என்பதும் தெரியும். ஆனால் தன் பையையும் பார்க்க வேண்டுமே. பக்கத்து ஊர் ஸ்டேஷனில் இன்னும் பழைய ரேட்டுதான் என்று கேள்வி.

இனிமேல் அங்கேயே சார்ஜ் போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்து, ஆட்டோவைத் திருப்பினார்.