பழிக்கு மூன்று பேர்

பரிசுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது பழிக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை. விடை சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டு கேளுங்கள்.

போடிக்கு மேலே மஞ்சக்குழி என்றொரு மலைக்கிராமம். ஊருக்கிருந்த ஒரே வண்டி சவரிமுத்துவின் பழைய ஜீப். ஆளேறினால் யானைக்கல் வளைவு மேட்டில் திணறும். அதனால் எல்லோரும் இறங்கி முன்னால் நடந்து, மேடு தாண்டி ஏறிக்கொள்வார்கள். காலையில் ஊரார் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கிவிட, சவரிமுத்து காலி வண்டியோடு வருவான். அப்போதும் அந்த வளைவில் நிறுத்தி, நாலடி நடந்துவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பான்.

பேச்சியின் கணவர் குருவனுக்கு மூச்சிரைப்பு. இறக்கத்தில் மெல்ல நடந்துவிடுவார். ஏற்றம்தான் ஆளைக் கொன்றது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதெல்லாம் அந்த மேட்டில் உட்கார்ந்துவிடுவார். பேச்சிக்குப் பொறுக்கவில்லை. பெரிய எஞ்சினாகப் போடச் சொல்லி சவரிமுத்துவிடம் கெஞ்சினாள்.

போடி மெக்கானிக் கனி ராவுத்தர் ஒரு வேனிலிருந்து கழற்றிய எஞ்சினை ஜீப்பில் உட்கார வைத்தார். அதன் கனத்துக்குத் தக்கபடி பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றினார். இனி யாரும் இறங்க வேண்டாம் என்று அடித்துச் சொன்னார். அவர் மலைக்கு ஒருநாளும் போனதில்லை.

ஐப்பசியில் ஒருநாள். காலையில் சவரிமுத்து வழக்கம்போல வளைவில் நிறுத்தி நடந்துவிட்டு இறங்கி வந்தான். பகலெல்லாம் மழை கொட்டியது. சாயங்காலம் பேச்சியையும் குருவனையும் மட்டும் ஏற்றிக்கொண்டு மேலே திரும்பும்போது, வளைவில் குருவன் பழக்கதோஷத்தில் இறங்கட்டுமா என்று கேட்டார்.

"உக்காருங்க. இனி அந்தத் தொல்லை இல்ல," என்று பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி முக்காமல் முனகாமல் மேடேறியது. மழையில் ஊறி வெடித்திருந்த பாதையோரம் பின்சக்கரத்தின் கீழ் சரிந்தது. பள்ளத்தில் உருண்ட வண்டியிலிருந்து பேச்சியும் சவரிமுத்துவும் பிழைத்தார்கள். குருவன் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் காரியத்தன்று கனி ராவுத்தர் முதல்முறையாக மலையேறி வந்தார். "நான் எஞ்சின மாத்தலேன்னா எல்லாரும் நடந்திருப்பாங்க. எங் கையாலதான் உசுரு போச்சு," என்றார். ஓட்டியவன் நான், பழி என்னுடையது என்றான் சவரிமுத்து.

"கேட்டது நானு. இறங்க வந்த மனுசனப் புடிச்சு உக்கார வச்சதும் நானு," என்றாள் பேச்சி. கணவர் போனதிலிருந்து அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஆறுதல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பழி அவளுடையதல்ல என்று காரணத்தோடு காட்டாவிட்டால், ஊர் இன்னொரு சாவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி?

விடை: காலி வண்டி இறக்கத்தில் வர எஞ்சின் பலம் எதற்கு? இருந்தும் சவரிமுத்து தினமும் இறங்கி நடந்தான் என்றால், பாதையோரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஏற்றத்தில் அந்த வேலையை, முன்னால் நடந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் செய்துவந்தார்கள். கனி ராவுத்தருக்கு அந்த வளைவே தெரியாது. பேச்சி அதை ஏற்றத்தில் மட்டுமே கண்டவள். ஏற்றம், இறக்கம் இரண்டிலும் அங்கே நடப்பது தெரிந்தவன் சவரிமுத்து ஒருவன்தான். பெரிய எஞ்சின் கொடுத்த தைரியத்தில், மழை நாளில் அவன் இறங்கிப் பார்க்கவில்லை. அவன் சொன்னதே சரி. இதையெல்லாம் பேச்சியின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னதும் அவனேதான். அவள் கஞ்சி குடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனான். மறுநாள் பேச்சி ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் வெகுநேரம் தட்டினாள். கதவு திறக்கவில்லை.