மாப்பிள்ளைத் தவளை

காலை நீட்டிப் படு செல்லி. நான் கதை சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், பெரியம்மா கண்டிப்பான ஆளு, தெரியும்ல?

"ம்."

ஒரு தீவுல ஒரு ஊரு. சுத்திக் கடலு, நடுவுல காடு, காட்டோரத்துல கப்பலேறிப் போய்க் குடியேறின நம்ம சனம். அங்க மூக்காயின்னு ஒருத்தி. புருஷன் இல்ல, புள்ளை இல்ல. இருந்ததெல்லாம் ஒரு பெட்டைக்கோழியும் அது பொரிச்ச குஞ்சுகளும்தான். அதுக வளந்தாத்தான் அவளுக்குக் கஞ்சி.

அப்போ ஒரு வருஷம் மழையே இல்ல. கிணத்துல வாளி விட்டா "ணங்"குன்னு கல்லுல முட்டுது. ஊர்ப் பெரியவரு அம்பலம் சொன்னாரு, "தவளைக்குக் கல்யாணம் பண்ணுவோம், மழை வரும்." ஆனா அந்தக் காட்டுத் தவளை இருக்கே, சுண்டைக்காய் தண்டிதான். மூக்காயிக்குச் சிரிப்பான சிரிப்பு. "இதுக்கு எங்கன்னு தாலி கட்டுறது? கப்பல்ல போறவங்ககிட்டச் சொல்லி, நம்ம ஊரு வயக்காட்டுத் தவளை ஒரு சோடி கொண்டாரச் சொல்லுங்க" அப்படின்னா. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாளா?

"ம்கூம்."

அப்புறம் பானையில வந்து இறங்குச்சு சோடி. யம்மாடி, ஒவ்வொண்ணும் சோத்துச் சட்டி கணக்கா! மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு, குலவை போட்டுக் கல்யாணம் பண்ணிக் காட்டு ஓடையில விட்டாங்க. மறுநாளே சோன்னு மழை! "மாப்பிள்ளை வந்த நேரம்!"னு ஊரே கூத்தாடுச்சு. அன்னையிலேர்ந்து தவளைக்கு அங்க பேரே மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை மேல யாராவது கை வைப்பாங்களா?

அப்புறம் மாப்பிள்ளைக பெருகுச்சு பாரு, ஓடையில, குளத்துல, தண்ணித் தொட்டியில. பொழுது சாஞ்சா "கொர்ர் கொர்ர்"னு ஒரே சத்தம். அந்தச் சுண்டைக்காய்த் தவளை ஒண்ணையும் காணோம். அதை யாரு கவனிச்சா?

அப்போதான் மூக்காயி வீட்டுல ஒரு குஞ்சைக் காணோம். வேலியில ஒரு பூச்சி படுத்திருந்துச்சு. புழு பூச்சி இல்லடி, நீளமா நெளிஞ்சு போகுமே, அது. ராத்திரியில அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. "இதுதான் திருடன்!"னு சொத்து சொத்துன்னு அடிச்சுப் போட்டாங்க.

ஆனா மறுபடியும் குஞ்சைக் காணோம். இப்போ ஆந்தை மேல பழி. அது குடியிருந்த மரத்தையே மடார்னு சாய்ச்சாங்க.

மறுபடியும் காணோம்! இந்தத் தடவை உடும்பு. அடிச்சுக் கொழம்பு வைக்க வயித்தைக் கிழிச்சா, உள்ள ஒரு தவளை! அம்பலம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு. "அடப்பாவி! மாப்பிள்ளையவே தின்னுருக்கே!"

"ம்..."

கடைசியா ஒத்தக் குஞ்சு மிச்சம். மூக்காயி அதை விட்டு நகரல. பட்டப்பகல்ல குளத்தோரம் உக்காந்திருக்கா. குஞ்சு சேத்துல ஒரு கல்லுப் பக்கமாப் போய்க் கொத்துது. டக்குன்னு அந்தக் கல்லு வாயைத் தொறந்துச்சு, செல்லி! லபக்! ரெண்டு குட்டிக் காலு மட்டும் வெளிய உதைக்குது. மாப்பிள்ளை ஒரு தடவை கண்ணை மூடுச்சு, காலும் உள்ள போயிருச்சு.

மூக்காயிக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஐயோ, உன்னை நான்தானடா கூப்பிட்டு விட்டேன்!"

ஓடிப் போய்ச் சொன்னா யாரும் நம்பல. "மாப்பிள்ளையைப் பழி சொல்லாதே"ன்னு அம்பலம் அதட்டுனாரு. பெட்டை திரும்ப அடைக்கு உக்காந்துச்சு. மூக்காயிக்குச் சோறு இறங்கல. பொரிக்கிறது எல்லாம் யாரு வாய்க்கு?

அப்போ ஒரு நா காட்டுக்குள்ளேர்ந்து சரசரன்னு ஒரு பூச்சி அவ வீட்டு முத்தத்துக்கு வந்துச்சு. அம்பலம் தடியை ஓங்கிட்டாரு. உடும்பு வயித்துல கெடந்த தவளை நெனப்பு வந்து மூக்காயி குறுக்க விழுந்தா. "அடிக்கிறதுன்னா என்னை அடிங்க!" அது அவ கால் மேலயே ஏறிப் போச்சு, ஜில்லுன்னு. அவ மூச்சு விடல. அது தண்ணித் தொட்டிகிட்டப் போய், ஒரே பாய்ச்சல். "க்ரீச்!" கொழுத்த மாப்பிள்ளை அது வாயில. அந்த மாப்பிள்ளை வாயிலேர்ந்து பொத்துன்னு என்ன விழுந்துச்சு தெரியுமா? அம்பலம் வீட்டு வாத்துக்குஞ்சு!

அவரு கையிலேர்ந்து தடி தானா நழுவிருச்சு.

அப்புறம் அந்தப் பூச்சி விறகுக் கட்டைக்குள்ளயே தங்கிருச்சு. யாரும் தொடல. மாப்பிள்ளைக குறைஞ்சுச்சு. முட்டையும் பொரிஞ்சுச்சு, கீச்சு கீச்சுன்னு.

"அது குஞ்சைத் தின்னலையா பெரியம்மா?"

தூங்கலையா நீ? தின்னுச்சுடி. அவ கண்ணு முன்னாலயே ஒண்ணைத் தின்னுச்சு. ஊரே மறுபடி தடியோட ஓடி வந்துச்சு. மூக்காயி தரையில உக்காந்து ஒரு பாட்டம் அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு எந்திரிச்சு, மிச்சக் குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடை போட்டு மூடுனா. "அது பசிக்கு ஒண்ணு எடுத்துச்சு. நான் மாலை போட்டு அழைச்ச மாப்பிள்ளை ஒரு குஞ்சையும் விட்டு வைக்கல. போங்க, தடியை அடுப்புல வைங்க"ன்னா.

அவ்வளவுதான். குஞ்சு பஞ்சாரத்துக்குள்ள, கதை என் வாய்க்குள்ள, நீ போர்வைக்குள்ள. கண்ணை மூடு.