ஒன்பது நாள் உறங்காதவர்

"தூங்குறவன் யாருன்னு உள்ளே தேடினேன், தாயே. அப்படி ஒருத்தனும் இல்லை. ஒன்பது நாளா தூக்கமும் இல்லை. நான் கரையேறிட்டேனா?"

கேட்டவர் சிங்காரவேலு. ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர். ஓய்வு பெற்றதும் தன்னையே அளக்கக் கிளம்பி மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு பர்வதம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

அந்த மடத்துச் சீடர்களுக்குத் தூக்கத்தை வெல்வது பெரிய படி. மூன்றாம் நாளே சிங்காரவேலுவின் காலில் விழ ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாம் நாள் மாலை போட்டார்கள். கை நடுங்கியதைக்கூட அருள் என்றார்கள். நல்ல கூட்டம்தான் போங்கள்.

பர்வதம்மாள் தத்துவம் எதுவும் பேசவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறவனும் இல்லை என்றார் சிங்காரவேலு. காலையில் எங்கே போயிருந்தீர்கள் என்று பர்வதம்மாள் கேட்டார்.

"நம்ம கிணத்துமேட்டுல நின்னேன். விழுந்தா, விழறது யாருன்னு பார்த்துடலாம்னு தோணுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பர்வதம்மாளுக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

எழுந்து வந்து, அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

டவுன் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் சிங்காரவேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞானம் தேடியவனைப் பைத்தியக்கார வரிசையில் உட்கார வைப்பதா என்று பொங்கினார். இதே கேள்வியைக் கேட்டுத்தானே நீங்களும் குருவானீர்கள் என்றார். அவமானத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பர்வதம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அறைக்கதவு திறந்தது. வெளியே வந்த நர்ஸ் பர்வதம்மாளைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னம்மா, இன்னிக்கு உங்க தேதி இல்லையே? மாத்திரை தீர்ந்துடுச்சா?"

"இருக்கும்மா. இன்னிக்கு இவருக்கு."

சிங்காரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்வதம்மாள் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா, தாயே?"

பர்வதம்மாள் அவருடைய நடுங்கும் கையைப் பிடித்து எழுப்பினார்.

"அதே கிணத்துமேட்டுல நான் நின்ன நாள்லேருந்து, ஐயா."