சின்னமனூர்க் கிளையின் இரண்டு கேபிள்கள்

இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு மதுரையில் தலைமையகம், சுற்றிலும் சிற்றூர்களில் கிளைகள். கிளைகளையெல்லாம் மதுரையில் ஒன்றுசேர்க்கும் நடு இணைப்பை அங்கே பேக்போன் என்பார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைவி வசுமதி. அவரிடம் தொழில் கற்ற இருவரில் ஜெசிந்தாவுக்குப் புதுப் பேக்போனை அமைக்கும் பொறுப்பு கிடைத்தது. அவளுக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்த இளவழகனுக்கு வயிறு எரிந்தது.

வசுமதியிடம் ஒரு வழக்கம் உண்டு. இணைப்பைக் கொடுத்தவர் அதைச் சோதிக்கக் கூடாது. வேறொருவர் கிளைக்குப் போய், அங்கே வரும் இரண்டு கேபிள்களில் முதல் கேபிளைக் கழற்ற வேண்டும். மாற்றுக் கேபிள் உடனே வேலையை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முறை அது இளவழகன் தலையில் விழுந்தது. அவள் மாட்டுவாளாம், நான் கழற்றுவேனாம் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினான்.

போன ஊரிலெல்லாம் கழற்றினான். எங்கும் மாற்றுக் கேபிள் கண் இமைப்பதற்குள் ஏற்றுக்கொண்டது. மனுஷனுக்கு அதுவே தாங்கவில்லை.

கடைசி ஊரான சின்னமனூரிலும் அதே கதை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கேபிள்கள் போகும் வழியிலேயே நடந்தான். இரண்டும் வேறு வேறு கம்பெனியின் கேபிள்கள்தான். ஆனால் வாய்க்கால் பாலத்தடியில் இரண்டும் ஒரே குழாய்க்குள் நுழைந்தன. பக்கத்தில் சாலையை அகலப்படுத்த ஜேசிபி வந்து நின்றது. ஒரு தடவை தோண்டினால் போதும், இரண்டும் அறுந்துவிடும். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரின் ரிப்போர்ட் மதுரையிலேயே நின்றுபோகும்.

இளவழகனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அறுந்துபோகட்டும், பேக்போனை யாரிடம் கொடுத்திருக்க வேண்டுமென்று அப்போது புரியும் என்று நினைத்துக்கொண்டான்.

மதுரைக்கு வந்ததும் வசுமதி கேட்டார்.

"ஏதாவது குறை இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"சின்னமனூர்ல?"

"அங்கயும் இல்ல."

வசுமதி தலையசைத்தார். திங்கட்கிழமை எல்லாக் கிளைகளையும் பேக்போனுக்கு மாற்றிவிடலாம் என்றார். இளவழகன் போகாமல் நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? பேக்போன அவங்களுக்குக் குடுத்தீங்க, சரி. அவங்க வேலையச் சோதிக்க என்னையே ஏன் அனுப்பினீங்க?"

"நான் வேற ஆளத்தான் சொன்னேன். உங்களத்தான் அனுப்பணும்னு கேட்டது ஜெசிந்தா."

"அவங்களா? எதுக்கு?"

"மத்தவங்களுக்கு அவளப் பிடிக்குமாம். சின்னக் குறைன்னா பாத்தும் பாக்காம விட்டுடுவாங்களாம். உங்களுக்குத்தான் அவளப் பிடிக்காதாம். அதனால உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதாம்."

வசுமதி கதவுப் பக்கம் கை காட்டினார்.

"நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நிம்மதியாத் தூங்குவாளாம். வெளிய உக்காந்திருக்கா. போய்த் தூங்குன்னு சொல்லட்டுமா?"